இருநூற்று மூன்றாம் எண் மீன்

அறுபத்து மூன்று வயது முடிய இரண்டு மாதம் இருந்தபோது அப்துல் கஃபாரின் முகம் ஊருக்குத் தெரிந்தது. அதுவரை அவரை அறிந்தவர்கள் மனைவி ஆமினா பீவி, உட்லண்ட்ஸில் அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடைக்காரர், வடக்கே உள்ள நீர்த்தேக்கத்தில் அவரோடு வேலை செய்த நாலைந்து பேர், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை காலையில் எடுத்த படத்தை மாலைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

படம் இரண்டு நிமிடம் பத்து வினாடி. தொப்பி போட்ட வயதான ஒருவர் நீர்த்தேக்கத்தின் கரையில் மண்டியிட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதிலிருந்து ஒவ்வொரு மீனாக எடுத்து, இரண்டு கைகளாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்து, அது வாலை அசைத்ததும் விடுகிறார். விடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவர் உதடு அசைகிறது. அவருக்கு இரண்டடி தள்ளி, மீன்களையோ மற்ற உயிர்களையோ இங்கே விடக் கூடாது என்று நான்கு மொழிகளில் எழுதிய பலகை. நான்கு மொழிகளும் படத்தில் தெளிவாக விழுந்திருந்தன.

அந்தப் பலகையை அந்த இடத்தில் நட்டவரும் அப்துல் கஃபார்தான்.

அவருடைய அத்தா டன்லப் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்து ஒன்றில் மசாலா அரைக்கும் மில் வைத்திருந்தார். மிளகாய்த் தூளில் தும்மித் தும்மி வளர்ந்த பிள்ளை, என்ன ஆனாலும் தண்ணீர்ப் பக்கம்தான் வேலைக்குப் போவது என்று முடிவு செய்து கப்பல் பட்டறைக்குப் போனார். முப்பது வருடம் கழித்து அவர் இருந்த பிரிவை மூடினார்கள். நீர்த்தேக்கங்களில் மீன் கணக்கெடுக்கும் ஒப்பந்தத்தை எடுத்திருந்த ஒரு நிறுவனம் ஆள் தேடியது. நேர்முகத்தில் நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். மீனைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் அவர் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். மீன்களை அளப்பதற்கு முன் மயங்க வைக்க, தண்ணீரில் நாலு சொட்டு விட வேண்டுமாம். திறந்து பார்த்தார். கிராம்பு எண்ணெய். அத்தாவின் மில் வாசனை அவருக்கு முன்னால் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

பதினோரு வருடம், மாதம் ஒருமுறை, அதே எட்டு இடங்களில் அதே வலைகள். சிக்கிய மீனை அளப்பார்கள், நிறுப்பார்கள். விரால் மாதிரி இந்த மண்ணின் மீன் என்றால் திருப்பி விடுவார்கள். வெளிநாட்டு இனம் என்றால் திரும்ப விடக் கூடாது. கிராம்பு எண்ணெயில் நாலு சொட்டுக்குப் பதில் நாற்பது சொட்டு, அந்த மயக்கம் தெளியாது. வெளிநாட்டு மீன்கள் தாமாக வந்தவை அல்ல. தொட்டியில் வளர்த்து அலுத்துப்போனவர்கள் கொண்டுவந்து விட்டவை, பௌத்தர்களின் விசாக தினத்தில் புண்ணியம் தேடிக் கடையில் வாங்கி விட்டவை, தூண்டிலில் பெரிய மீன் மாட்ட வேண்டும் என்ற ஆசையில் யாரோ கொண்டுவந்து போட்டவை. அவற்றில் பெரும்புள்ளி பீகாக் பாஸ் என்ற தென் அமெரிக்க மீன். வாலடியில் மயில் கண்போல ஒரு கறுப்பு வட்டம். பார்க்க அழகு. வாயில் நுழைகிற எதையும் விழுங்கும்.

அந்நிய இனம் என்றுதான் படிவங்களில் எழுத வேண்டும். கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவரின் பேரனான அப்துல் கஃபார் முதல் வருடம் அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் ஒரு கணம் நிறுத்துவார். அந்த நீர்த்தேக்கமே ஆற்றின் வாயை அடைத்து உண்டாக்கியது, அதுவும் தன்னைவிட வயதில் இளையது என்பது தெரிந்த பிறகு நிறுத்துவதை விட்டுவிட்டார். படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

ஒன்று மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அறிக்கையில் அவர்கள் எழுதியது, ஒரு வலைக்கு இத்தனை மீன் என்ற கணக்கை. நீர்த்தேக்கத்தில் மொத்தம் எத்தனை மீன் என்பது ஒருவருக்கும் தெரியாது. தேக்கா சந்தையில் கடல் மீன் வாங்கப் போனால் மீன்காரர் கேட்பார்.

“பாய், ஒங்க ஏரியில எத்தன மீன் இருக்கு?”

“வலைக்கு ஆறு.”

“நான் ஏரியக் கேட்டேன்.”

“ஏரி தெரியாது.”

மீன்காரர் குனிந்து வவ்வால் மீனின் செவுளைக் கழுவுவார். அந்தக் கேள்வி அப்துல் கஃபாருக்கு வீடு வரைக்கும் கூடவே வரும். “பதினோரு வருஷமா எண்றீங்க, இன்னுமா முடியல?” என்று ஆமினா பீவி கேட்பது வேறு.

போன வருடம் திட்டத் தலைவியாக வைஷாலி வந்து சேர்ந்தபோது அவருக்கு விடிவு பிறந்தது. முப்பத்து நாலு வயது, வெளிநாட்டில் ஏரிகளைப் பற்றி முனைவர் பட்டம். பீகாக் பாஸ்களை மொத்தமாக ஒழித்துவிட்டால் என்ன என்று மேலிடம் கேட்டதாம். வைஷாலி அவசரப்படவில்லை.

“ஒழிச்சிட்டா திலாப்பியா பெருகும் அங்கிள். அதுவும் வெளிநாட்டு மீன்தான். அடிமண்ணக் கெளறும், தண்ணி கலங்கும், பாசி புடிக்கும். இப்ப அது குஞ்சுகளத் தின்னு கட்டுக்குள்ள வச்சிருக்கிறது யாரு? பீகாக் பாஸ். அதனால எத்தன இருக்குன்னு மொதல்ல தெரியணும். அப்புறம்தான் எத்தனைய எடுக்கலாம்னு பேசலாம்.”

அதற்கு ஒரு வழி இருந்தது. இருநூறு மீன்களைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றின் முதுகுத் துடுப்படியிலும் எண் போட்ட மெல்லிய மஞ்சள் பட்டையைக் குத்திவிட்டுத் திரும்ப விட வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பிடிக்க வேண்டும். அகப்பட்டவற்றில் பத்தில் ஒன்றுக்குப் பட்டை இருந்தால், இருநூறு என்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் மொத்தம் இரண்டாயிரம்.

அப்துல் கஃபார் இதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிழை தெரியவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

“திரும்ப விடணும்னா, நாமளே விடலாமா?”

“எண்ணணும்னா விட்டுத்தான் ஆகணும். தனி அனுமதி வாங்கிட்டேன் அங்கிள்.”

ஒரு மீன் இருக்கக் கூடாது என்பதை உறுதி செய்ய அதைத் தண்ணீரில் விட வேண்டியிருப்பது அவருக்கு விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் கடைசியில் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணுக்காக ஓய்வு வயதான அறுபத்து மூன்றுக்குப் பிறகும் வேலையில் இருக்க விரும்பினார். மறுவேலைக் கடிதம் ஆகஸ்ட் கடைசியில் வர வேண்டியது. மகள் முஸ்கான் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமே என்று ஆமினா பீவி சொன்னபோது, “எண்ணி முடிச்சிட்டு வரேன்” என்றார்.

இதெல்லாம் ஒருபுறம் இருக்க, விசாக தினத்துக்கு முந்திய வாரம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர் வேலைதான். சமூக மன்றத்தில் முப்பது நாற்காலி, ஒரு திரை. மேடைப் பேச்சு அவருக்கு வராது. ஆனால் ஒரு வரியை எட்டு வருடமாக ஒரே மாதிரி சொல்லி வந்தார்.

“யாராவது மீன் விடுறதப் பாத்தா கிட்டப் போய்ச் சண்ட போடாதீங்க. தள்ளி நின்னு படம் எடுத்து அனுப்புங்க. பெரிய மனுஷன், வயசானவர், தெரிஞ்சவர்னு பாக்காதீங்க. நானாவே இருந்தாலும் அனுப்புங்க.”

கூட்டம் ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் சிரிக்கும். இந்த வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி சிரிக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பெயர் லீலா. கிளமெண்டியில் இருப்பவர், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. வாரம் இரண்டு நாள், இரண்டு பஸ் மாறி, நீர்த்தேக்கத்தின் மேற்குக் கரையைச் சுற்றிவருவதாக ஒப்புக்கொண்டு, அதை அப்படியே செய்துவந்தார்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமைக்குள் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீன்களுக்குப் பட்டை குத்தி, படகில் போய் நடு ஏரியில் விட்டாகிவிட்டது. அன்று காலை கரையோரக் கூண்டில் பதினொன்று சிக்கின. அளந்து, 196 முதல் 206 வரை பட்டை குத்தி, தொட்டியில் போட்டார்கள். படகோட்டி செல்வராஜ் எஞ்சினை இழுத்தார். உறுமி நின்றது. பத்து தடவை இழுத்தார். பிறகு கழற்ற ஆரம்பித்தார்.

வெயில் ஏறியது. தொட்டித் தண்ணீர் சூடாகி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. அப்துல் கஃபார் சுற்றும் பார்த்தார். நிழலுக்கு மரம் இல்லை. தான் போட்டிருந்த ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றித் தொட்டியின்மேல் விரித்தார். முதுகில் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் எழுதிய மேலங்கி. அரைமணி நேரம் பார்த்தார். மீன்கள் சாய ஆரம்பித்தன.

“இங்கனயே விட்டுரலாமா செல்வா?”

“மீன் ஒங்க மீன் பாய். எனக்கு எஞ்சின் மட்டும்தான்.”

மேலங்கியைச் சுருட்டித் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, தெளிய வைத்து விட்டார். எந்த வேலையையும் பிஸ்மில்லா சொல்லித் தொடங்குவது அவர் வழக்கம். ஒவ்வொரு மீனுக்கும் சொன்னார். செல்வராஜ் புல்லுக்குப் பின்னால் எஞ்சினோடு குனிந்திருந்ததால் படத்தில் இல்லை.

எதிர்க்கரையில் லீலா நடந்து வந்துகொண்டிருந்தார். கண்ணாடியைத் தேடி, போனை எடுத்து, பெரிதாக்கிப் பிடிப்பதற்குள் இரண்டு மீன்கள் போய்விட்டன. மீதியைக் கை நடுங்காமல் எடுத்தார். புகார்ப் படிவத்தைத் தமிழில் நிரப்பி அனுப்பினார். தன்னார்வலர் வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு பிரதி. அங்கிருந்து அது எங்கெல்லாம் போனது என்பது அவர் பொறுப்பு அல்ல.

திங்கட்கிழமை வைஷாலி அந்தப் புகாரை அப்துல் கஃபாரிடம் நீட்டினார். அவர் நின்றபடியே படித்தார். நாள், நேரம், இடம், காற்றின் திசை வரைக்கும் இருந்தது. ‘ஆண். அறுபதுக்கு மேல். வெள்ளைத் தொப்பி. சீருடை இல்லை. பதற்றம் இல்லை, இதற்குப் பழக்கப்பட்டவர் போலத் தெரிகிறது. ஒவ்வொரு மீனுக்கும் எதையோ முணுமுணுக்கிறார். விட்ட மீன்கள்: ஒன்பது.’

பதினோரு வருடத்தில் இப்படி ஒரு புகார் வந்ததில்லை. மற்றவர்கள் ‘யாரோ ஏதோ விட்டார்கள், சீக்கிரம் வாங்க’ என்று எழுதுவார்கள்.

“நல்லா எழுதியிருக்காங்க” என்றார்.

“அங்கிள், நான் என்ன பேசிட்டு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க. மொதல்ல இதச் சொல்லுங்க. என்ன முணுமுணுத்தீங்க? கீழ கமெண்ட்ல எல்லாரும் இது ஒரு பிரார்த்தனை, புதுசா ஒரு சடங்குன்னு எழுதுறாங்க. மேல மத விவகாரமாப் போயிருமோன்னு பயப்படுறாங்க.”

“பிஸ்மில்லா.”

“ஒவ்வொரு மீனுக்குமா?”

“ஒவ்வொண்ணும் தனி வேலதானே.”

வைஷாலி கண்ணை மூடித் திறந்தார். அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். ‘பட்டையிட்ட மீன்களைப் படகிலிருந்து, நீர்த்தேக்கத்தின் நடுப்பகுதியில் விடலாம்’ என்றிருந்தது. கரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே நூற்றுத் தொண்ணூற்றைந்து மீன்கள் சட்டப்படி நீந்திக்கொண்டிருந்தன, மற்றவை சட்டவிரோதமாக. தண்ணீர் ஒன்றுதான்.

நிர்வாகப் பிரிவிலிருந்து இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. புகாரில் கண்ட ஒன்பது மீன்களும் மீட்கப்பட்டால் விவகாரம் முடித்துவைக்கப்படும். அதுவரை அப்துல் கஃபாரின் மறுவேலைக் கடிதம் நிறுத்திவைக்கப்படும். கடைசி நாள் ஆகஸ்ட் இருபத்தொன்பது.

அவர் அன்றே பதில் எழுதினார். ‘ஒன்பது அல்ல, பதினொன்று. எண்கள் 196 முதல் 206 வரை.’

“ஏன் அங்கிள் திருத்துனீங்க?” என்றார் வைஷாலி. குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம். “ஒம்பதுன்னே இருந்திருந்தா ஒம்பதோட போயிருக்கும்.”

“பதினொண்ணுதானே விட்டேன்.”

“யாரு கேட்டா?”

 அலுவலகத்தில் யாரும் கேட்காத எண்ணைத்தான் அவர் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆமினா பீவி வேறு விதமாகக் கேட்டார். “கடுதாசி வரலேன்னா என்ன? முஸ்கான் ரெண்டு வருஷமாக் கூப்புடுறா.”

“வேலை போனா போவுது ஆமினா. மீன் விட்டவன்னு பேரோடவா போறது?”

ஜூலை முழுவதும் அவரும் செல்வராஜும் மீன்களை விட்ட அந்தக் கரையோரக் குடாவில் கிடந்தார்கள். பீகாக் பாஸ் அதிக தூரம் போகாத மீன், விட்ட இடத்தைச் சுற்றியேதான் திரியும் என்பது அவருக்குச் சாதகம். முதல் வாரத்தில் 197, 198, 206. இரண்டாம் வாரத்தில் 204. நடுவே ஒருநாள், அனுமதிக்கப்பட்ட மேடையிலிருந்து தூண்டில் போடும் ஒருவர் 200-ஐப் பிடித்துவிட்டார். அவர் நல்ல மனிதர். பிடித்த மீனைக் கொல்லக் கூடாது என்ற கொள்கை உடையவர். படம் எடுத்து, பட்டையின் எண் தெரியும்படி அனுப்பிவைத்து, முத்தம் கொடுத்து மீனைத் திரும்ப விட்டுவிட்டார். 200-ஐ அப்துல் கஃபார் மறுபடியும் பிடிக்கப் பன்னிரண்டு நாள் ஆனது.

பட்டை குத்திய மீன் ஒவ்வொன்று அகப்படும்போதும் பட்டை இல்லாதவை எத்தனை என்பதையும் எழுதி வந்தார். வழக்கு ஒருபுறம் இருந்தாலும் கணக்கு கணக்குதானே.

ஒரு நாள் காலை கரையில் லீலா நின்றிருந்தார். முகத்தைப் பெரிதாக்கிய படம் பரவிய பிறகுதான், எடுத்தது யாரை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையில் ஒரு டிபன் டப்பா.

“பாய், சுண்டல். சாப்பிடுங்க.”

“எதுக்கு டீச்சர்?”

“பசிக்கும்னுதான். மன்னிப்புக் கேக்க வரல. நீங்கதான் சொன்னீங்க, நானாவே இருந்தாலும் அனுப்புங்கன்னு. எழுதி வச்சிருக்கேன், காட்டவா?”

“வேணாம். ஞாபகம் இருக்கு.”

“கமெண்ட்ல எழுதுனத எல்லாம் படிச்சேன். அதுக்கு வருத்தமா இருக்கு. புகாருக்கு இல்ல.”

“புகார் நல்லா இருந்துச்சு டீச்சர். ஒரே ஒரு தப்பு. ஒம்பது இல்ல, பதினொண்ணு.”

லீலாவின் முகம் சற்று மாறியது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் தப்பைச் சுழித்தவர். “நான் பாத்தது ஒம்பது” என்றார்.

“நீங்க போன எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு போயிருக்கும்.”

“போயிருக்கலாம். நான் பாக்கல.”

செல்வராஜ் படகிலிருந்து குரல் கொடுத்தார். “டீச்சர், அந்தச் சுண்டல்ல கொஞ்சம் இங்கிட்டும் வருமா? ரெண்டு பேரும் ஒரு கொலக் கேஸ் மாதிரி பேசிட்டு இருக்கீங்க.”

அதன் பிறகு வாரம் இரண்டு நாள் லீலா வரும்போது டப்பா வந்தது. வழக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை. தண்ணீர் கலங்கியிருக்கிறதா, கொக்கு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பேசினார்கள்.

ஆகஸ்ட் இருபதுக்குள் பத்து மீன்கள் கிடைத்துவிட்டன. பத்தும் நாற்பது சொட்டில் அடங்கின. பட்டைகளை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தார். 203 மட்டும் இல்லை. அவருக்கு அந்த மீன் நினைவிருந்தது. முப்பத்தெட்டு சென்டிமீட்டர், இடது செவுளில் பழைய வெட்டு. விடும்போது மற்றவற்றைப்போல் தயங்காமல் விருட்டென்று போனது அதுதான்.

இருபத்தைந்தாம் தேதி குடாவின் மூலையில் வலையை இழுத்தபோது ஒரு பீகாக் பாஸ் வந்தது. முப்பத்தெட்டு சென்டிமீட்டர். பட்டை இல்லை. செவுளில் வெட்டும் இல்லை. செல்வராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய். பட்டை அடிக்கிற மெஷின் ஒங்க பையிலதான் இருக்கு. 203-ன்னு ஒண்ணு அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு நிமிஷம்.”

“நான் எஞ்சினப் பாக்குறேன்.” முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அப்துல் கஃபார் மீனைக் கையில் வைத்திருந்தார். மறுவேலைக் கடிதம் அந்த நாலு நாளுக்குள் இருந்தது. பொய்ப் பட்டையால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. மீன் எப்படியும் சாகப்போகிறது. ஆனால் அப்படிச் செய்தால் பட்டை இல்லாத ஒரு மீன் பட்டை உள்ளதாகக் கணக்கில் ஏறும். மொத்தத்தில் கொஞ்சமாவது தவறும். எண்ணைத் தெரிந்துகொள்வதற்காக வேலையில் நீடிக்க, எண்ணையே கெடுக்க வேண்டும். அவர் மீனை அளந்து, ‘பட்டை இல்லை’ என்று எழுதினார்.

“எஞ்சின் சரியாத்தான் இருக்கு செல்வா. திரும்பு.”

செல்வராஜ் திரும்பினார். “ஒங்களுக்குப் பேரப்புள்ளைங்கதான் சரி” என்றார்.

இருபத்தெட்டாம் தேதி நிர்வாகப் பிரிவு லீலாவை வரவழைத்தது. படிவத்தை முடிக்கப் புகார் கொடுத்தவரின் உறுதிமொழி வேண்டுமாம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே வைஷாலியும் அப்துல் கஃபாரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தவில்லை. அதிகாரி அஃப்னான் மரியாதையான இளைஞர், தமிழிலேயே கேட்டார்.

“மேடம், புகாரை வாபஸ் வாங்க விரும்புறீங்களா? அனுமதி இருந்த வேலைதான்னு இப்ப தெரியுது.”

“வாங்க மாட்டேன். நடந்தது நடந்தது.”

வைஷாலி தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி. அவர் பதினொண்ணு விட்டதா எழுதிக் குடுத்திருக்கார். பத்துதான் கெடச்சிருக்கு. நீங்க எண்ணிக்கைய உறுதிப்படுத்தணும். பதினொண்ணுன்னு போட்டுக்கலாமா?”

“ஒம்பது.”

“அவரே பதினொண்ணுங்கிறார் மேடம்.”

“அது அவர் பொறுப்பு. நான் பாத்தது ஒம்பது. படமும் ஒம்பதுதான் காட்டுது. முப்பத்தொரு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியிருக்கேன் தம்பி. எழுதாத விடைக்கு நான் மார்க் போட்டதில்ல.”

அஃப்னான் கணினியைப் பார்த்தார். புகாரில் கண்டதைவிடக் குறைத்துச் சொல்பவர்களுக்காகவே செய்யப்பட்ட படிவம் அது. விட்டவர் சொல்லும் எண்ணும் புகார் கொடுத்தவர் சொல்லும் எண்ணும் வேறுபட்டால் புகார் கொடுத்தவரின் எண்ணே செல்லும் என்பது விதி. கூட்டிச் சொல்லும் ஒரு மனிதரை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அஃப்னான் ‘விடப்பட்டவை: 9’ என்று அடித்தார். ‘மீட்கப்பட்டவை: 10’ என்று அடித்தார். கணினி சிவப்பாகக் காட்டியது. விட்டதைவிட அதிகமாக மீட்க முடியாதாம். பத்தை அழித்து ஒன்பதாக்கினார். பச்சையானது.

“முடிஞ்சுது மேடம். கையெழுத்துப் போடுங்க.”

லீலா வெளியே வந்து அப்துல் கஃபாரின் முன்னால் நின்றார். “நான் ஒங்களுக்காக ஒண்ணும் செய்யல பாய்” என்றார்.

“தெரியும் டீச்சர்.”

“பாக்காததச் சொல்ல முடியாது. அவ்வளவுதான்.”

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அஃப்னான் கண்ணாடிக்கு உள்ளே கோப்பை மூடிக்கொண்டிருந்தார். அப்துல் கஃபார் எழுந்து கதவு வரைக்கும் போனார். பதினொன்று என்று இன்னொரு தடவை சொல்லலாம்தான். ஏற்கெனவே எழுத்தில் சொல்லியாகிவிட்டது, அதை வாங்கிக்கொள்ளாதது படிவத்தின் பிழை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த வாதம் அவருக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுவேலைக் கடிதம் மறுநாள் வந்தது.

செப்டம்பரில் மொத்தக் கணக்கு வந்தது. வைஷாலி ஒரு தாளில் எழுதித் தந்தார். ‘2,100. கூடக் குறைய 400.’

அப்துல் கஃபார் இரண்டாவது எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானூறா?”

“முந்நூறுக்குள்ள வந்திருக்கும் அங்கிள். அந்தக் குடாவுலயே ரெண்டு மாசம் ஒக்காந்து அதையே புடிச்சிட்டோம்ல, அந்தப் பகுதிய மொத்தமா ஒதுக்க வேண்டியதாப் போச்சு. சாம்பிள் ஒருபக்கமாச் சாஞ்சிருச்சு.”

பதினோரு மீனுக்காக இரண்டு மாதம் வலை இழுத்ததும், பட்டை மெஷினைப் பையிலேயே விட்டுவைத்ததும் நானூறுக்குள் எங்கோ போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் மீன்காரர் கேட்டபோது, “ரெண்டாயிரத்து நூறு” என்றார். மீன்காரர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். நானூறைப் பற்றி அவரிடம் சொல்ல அப்துல் கஃபாருக்கு மனம் வந்தது, வாய் வரவில்லை. வவ்வால் மீனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், பாதிப் படியில் நின்று, திரும்பிப் போனார்.

“கூடக் குறைய நானூறு.”

“அப்ப தெரியாதுன்னு சொல்லுங்க” என்றார் மீன்காரர்.

செப்டம்பர் மாத வழக்கமான கணக்கெடுப்பில், குடாவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, அணைக்கட்டின் அடியில் போட்ட வலையில் 203 வந்தது. இடது செவுளில் பழைய வெட்டு. நாற்பத்தொரு சென்டிமீட்டர், மூன்று வளர்ந்திருந்தது. அதிக தூரம் போகாத மீன் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை போலும்.

செல்வராஜ் மீனையும் பார்த்தார், எதிர்க்கரையையும் பார்த்தார். அங்கே லீலா தன் வழக்கமான சுற்றில் வந்துகொண்டிருந்தார். கையில் போன்.

“மேல சொன்னா கேஸ மறுபடி தொறப்பாங்க பாய். ஒம்பதுல ஒம்பது கெடச்சிருச்சு, பத்து ஒங்க குப்பியில இருக்கு. இப்ப இது எந்தக் கணக்கு? பேசாம விட்டுருங்க.”

“விடக் கூடாது செல்வா.”

“அப்ப எழுதாதீங்க.”

அப்துல் கஃபார் தொட்டித் தண்ணீரில் சொட்டுகளை எண்ணி விட்டார். பிஸ்மில்லா என்றார். கிராம்பு வாசனை எழுந்தது. மீன் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பட்டையைக் கழற்றினார். மாதக் கணக்குத் தாளை எடுத்தார். நிர்வாகப் பிரிவு அந்தத் தாளை எக்காலத்திலும் படித்ததில்லை. அது வைஷாலியின் கணினிக்குப் போகும், அங்கிருந்து ஒரு பெட்டிக்கு. எண், நீளம், எடை, இடம் எல்லாவற்றையும் தன் சீரான கையெழுத்தில் நிரப்பினார். குறிப்பு என்ற கட்டத்தில், ‘ஜூன் கடைசிச் சனிக்கிழமை கரையிலிருந்து விடப்பட்ட பதினொன்றில் ஒன்று’ என்று எழுதினார். ‘பதினொன்றில்’ என்பதன் கீழே ஒரு கோடு போட்டார்.

பிறகு, இந்த முறை மேலங்கியைக் கழற்றாமல் எழுந்து நின்று, எதிர்க்கரையைப் பார்த்து, செத்த மீனை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

லீலா நின்றார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். நன்றாகப் பார்த்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டு, குறிப்புப் புத்தகத்தை எடுத்து எதையோ எழுதினார்.

“என்ன எழுதுறாங்க?” என்றார் செல்வராஜ்.

“ஒண்ணுன்னு எழுதியிருப்பாங்க” என்றார் அப்துல் கஃபார். “பாத்தது ஒண்ணுதானே.”